கிரேக்கப் படையும் சீனப் படையும் மோதினால்? புளியங்கொட்டை வைத்துப் போர்க்களம் அமைப்பது எப்படி

பழங்காலக் கிரேக்கப் படையும் சீனப் படையும் மோதியிருந்தால் யார் ஜெயித்திருப்பார்கள்? வாயால் பேசினால் முடியாத விவாதம் இது. தரையில் பரப்பிப் பார்த்தால் ஒரே மாலையில் நிறைய பிடிபடும். 16 புளியங்கொட்டை, ஐந்து ஈர்க்குச்சி, ஒரு ஸ்கேல், ஒரு லூடோ பகடை, ஒரு நோட்டு எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து மீட்டர் நீளத்துக்குக் கூடமோ மொட்டைமாடியோ வேண்டும்.

படி 1: ஆண்டைக் குறியுங்கள்

புதிதாகத் தொடங்குபவர்கள் சறுக்குவது இங்கேதான். கி.மு. 480-இன் கிரேக்க ஸ்பார்ட்டா வீரனையும் கி.மு. 100-இன் சீன ஹான் படையையும் எதிரெதிரே நிறுத்தினால் கணக்கே தப்பு. நாம் கி.மு. 260-ஐ எடுப்போம். அந்த ஆண்டில்தான் சீனாவில் சின் நாட்டுப் படை சாங்பிங்கில் சாவ் நாட்டை முறியடித்தது. கிரேக்க உலகில் அது மாசிடோனிய முறை ஃபேலன்க்ஸ், அதாவது நீள ஈட்டி வீரர்கள் நெருக்கமாக நிற்கும் அணிவகுப்பு, கோலோச்சிய காலம்.

படி 2: ஈட்டி வரிசையை அடுக்குங்கள்

தரையில் ஒரு செ.மீ. என்றால் களத்தில் 30 செ.மீ. ஃபேலன்க்ஸின் அடிப்படைக் கட்டம் 16-க்கு 16, அதாவது 256 பேர். அதில் ஒரே ஒரு நெடுவரிசை போதும். 16 கொட்டைகளையும் மூன்று செ.மீ. இடைவெளியில் ஒன்றின்பின் ஒன்றாக வையுங்கள்.

சாரிசா என்ற ஈட்டியின் நீளம் 14 முழம், அதாவது சுமார் 6.3 மீட்டர், என்று கிரேக்க வரலாற்றாசிரியர் பொலிபியஸ் எழுதுகிறார். நம் தரை அளவில் 21 செ.மீ. ஈர்க்குச்சிகளை அந்த நீளத்துக்கு ஒடித்து, முதல் ஐந்து கொட்டைகள் மேல் ஒவ்வொன்றாக வையுங்கள். கொட்டைக்குப் பின்னால் 6 செ.மீ., முன்னால் 15 செ.மீ. இருக்கட்டும்.

இப்போது முதல் கொட்டைக்கு முன்னால் பாருங்கள். 15, 12, 9, 6, 3 செ.மீ. தூரத்தில் ஐந்து முனைகள் நீட்டிக்கொண்டிருக்கும். வாளோடு வருகிறவன் ஒருவனைத் தொட ஐந்து முனைகளைக் கடக்க வேண்டும். படித்தபோது புரியாத எனக்கு, குச்சியை வைத்த பிறகுதான் அந்தப் படையின் பயங்கரம் உறைத்தது. ஆறாவது ஆளின் ஈட்டி முன்வரிசையைத் தாண்டாது. அவனும் பின்னால் நிற்பவர்களும் ஈட்டியைச் சாய்த்துத் தூக்கிப் பிடிப்பார்கள். மேலே பறந்து வரும் அம்புகளை அது ஓரளவு தடுக்கும்.

படி 3: குறுக்குவில்லை நிறுத்துங்கள்

1974-இல் சீனாவின் சியான் அருகே கிடைத்த, சின் காலத்துச் சுடுமண் வீரர்களோடு குறுக்குவில்லின் வெண்கல விசைகளும் கிடைத்தன. நாணை இழுத்து மாட்டிவிட்டால் கை நடுங்காமல் குறிபார்க்கலாம்.

சரி, ஐந்து மீட்டர் தள்ளி ஒரு கோடு போடுங்கள். அது 150 மீட்டர். அங்கே 16 பேர் வீதம் மூன்று வரிசை, மொத்தம் 48 வில்லாளிகள் நிற்பதாகக் கொள்வோம். ஃபேலன்க்ஸ் நிமிடத்துக்கு 60 மீட்டர் நடக்கட்டும், ஒருவர் 20 விநாடிக்கு ஒருமுறை எய்யட்டும். இவை நாமே வைக்கும் எண்கள், மாற்றிப் பார்க்கலாம். ஆளுக்கு ஏழு அம்பு, மொத்தம் 336.

ஒவ்வோர் அம்புக்கும் பகடை உருட்டுங்கள். 6 விழுந்தால் ஒருவர் வீழ்ந்தார் என்றால், சராசரியாக 56 பேர் போவார்கள். 5-ம் சேர்த்தால் 112.

படி 4: எப்போது உடையும்?

கடைசி ஆள் வரை எந்தப் படையும் நிற்காது. இதற்கு ஒரு நிஜ அளவுகோல் இருக்கிறது. கி.மு. 425-இல் கிரேக்கத்தின் ஸ்பாக்டீரியா தீவில் ஸ்பார்ட்டா தரப்பின் 420 கனரகக் காலாட்கள் அம்புக்கும் எறி ஈட்டிக்கும் திருப்பியடிக்க முடியாமல் தவித்தார்கள். கடைசியில் 292 பேர் சரணடைந்தார்கள். பத்தில் மூன்று பேர் போனதும் மனம் விட்டுப்போயிற்று. அந்தக் கணக்கில் 256 பேரின் எல்லை 77.

முதல் விதிப்படி 56 பேர்தான் போகிறார்கள், ஃபேலன்க்ஸ் வந்து மோதும். இரண்டாவதில் 112 பேர், வந்து சேரும் முன்பே உடையும். வீரம் இரண்டிலும் ஒன்றுதான். கவசத்தை எத்தனை அம்பு துளைக்கும் என்ற ஒரே எண்தான் முடிவைப் புரட்டிப்போடுகிறது. அதனால் எந்த விதியில் ஆடினீர்கள் என்பதை நோட்டில் கட்டாயம் எழுதுங்கள்.

படி 5: தரையை மாற்றுங்கள்

ஒரு துண்டை மடித்துப் போட்டு, வரிசையை அதன்மேல் நகர்த்துங்கள். கொட்டை சறுக்கும், குச்சிகள் ஒன்றோடொன்று சிக்கும், இடையில் சந்து விழும். கி.மு. 168-இல் பிட்னா போரில் மாசிடோனிய ஃபேலன்க்ஸுக்குள் ரோமானியர்கள் நுழைந்தது இப்படிப்பட்ட சந்துகளில்தான்.

படி 6: சோற்றுக் கணக்கு

கி.மு. 329-இல் அலெக்சாந்தர் மத்திய ஆசியாவின் ஃபெர்கானா பள்ளத்தாக்கின் வாயிலில் கடைக்கோடி அலெக்சாந்திரியா என்ற நகரத்தைக் கட்டினார். அந்தப் பள்ளத்தாக்கிலிருந்த தாயுவான் நாட்டின் குதிரைகளுக்காக சீனாவின் ஹான் பேரரசு கி.மு. 104-இல் தளபதி லீ குவாங்லியை அனுப்பியது. அந்த நாட்டவர் கிரேக்கர் வழிவந்தவர்களா என்பதில் ஆய்வாளர்கள் ஒத்துப்போவதில்லை. எப்படியானாலும் சீனப் படை கடக்க வேண்டிய தூரம் அதேதான். வழியில் உணவில்லாமல், பத்தில் ஒன்றிரண்டு பேரே சீன எல்லையிலுள்ள துன்ஹுவாங் திரும்பினார்கள். இரண்டாவது முறை 60,000 வீரர்கள், 1,00,000 மாடுகளோடு புறப்பட்டு, நகரத்தின் தண்ணீரைத் திருப்பிவிட்டு, 40 நாள் முற்றுகையிட்ட பிறகே குதிரை கிடைத்தது.

எனவே களத்தை ஃபெர்கானாவில் வைத்தால், போருக்கு முன்பே 48 வில்லாளிகளுக்கும் ஆளுக்கொரு பகடை உருட்டுங்கள். 6 விழுந்தவரை மட்டும் கோட்டில் நிறுத்துங்கள். சராசரியாக எட்டுப் பேர் தேறுவார்கள். அந்த எட்டுப் பேரோடு மூன்றாம் படியிலிருந்து மறுபடி ஆடுங்கள்.