சொந்தக் கம்பெனியில் டைரக்டரா? வருமான வரிக் கணக்கை இப்படிப் போடுங்கள்

வேலூர் பக்கம் ஷூ அப்பர் தைத்துக் கொடுக்கும் சின்ன யூனிட்டைக்கூட இப்போது பிரைவேட் லிமிடெட்டாகப் பதிவு செய்கிறார்கள். கணவன், மனைவி இருவரும் டைரக்டர்கள், பங்குகளும் அவர்கள் பெயரிலேயே. கம்பெனி வேறு, நீங்கள் வேறு என்பதுதான் சட்டம். இது மனதில் பதிந்துவிட்டால் மற்றதெல்லாம் சுலபம். கீழே சொல்வது 2025-26 நிதியாண்டுக் கணக்குக்கு.

முதலில் படிவம். சம்பளம் மட்டும்தான் வருமானம் என்றாலும் டைரக்டருக்கு ஐடிஆர் 1 என்ற எளிய ரிட்டர்ன் படிவம் கிடையாது. ஐடிஆர் 2 எடுங்கள். தனியாக வியாபார வருமானமும் இருந்தால் ஐடிஆர் 3. கம்பெனியின் பான், உங்கள் டின் எண் (டைரக்டர் அடையாள எண்), ஆண்டுத் தொடக்கத்திலும் முடிவிலும் கையில் இருந்த பங்குகள், அவற்றை வாங்கிய விலை எல்லாம் கேட்கும். எடுத்து வைத்துக்கொண்டு உட்காருங்கள்.

அடுத்து, கம்பெனியிலிருந்து வந்த பணத்தை வகை பிரியுங்கள். மாதச் சம்பளம் ‘சம்பளம்’ என்ற தலைப்பில் வரும். புதிய வரி முறையில் 75,000 ரூபாய் நிலைக் கழிவு உண்டு. டிவிடெண்ட், அதாவது பங்குக்குக் கிடைக்கும் லாபப் பணம், ‘இதர வருமானம்’. அது 10,000 ரூபாயைத் தாண்டினால் கம்பெனி 10 சதவீதம் டிடிஎஸ் (பணம் கொடுக்கும்போதே பிடிக்கும் வரி) பிடிக்க வேண்டும். ஊழியராக இல்லாத டைரக்டர் கூட்டத்துக்கு வந்து வாங்கும் சிட்டிங் ஃபீஸுக்கும் 10 சதவீதம்தான், ஆனால் அதற்கு வரம்பு கிடையாது, முதல் ரூபாயிலிருந்தே பிடித்தம்.

இனி சொல்வதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். ‘நம்ம கம்பெனிதானே’ என்று வீடு கட்டவோ கல்யாணச் செலவுக்கோ கம்பெனிக் கணக்கிலிருந்து கடனாக எடுக்கிறோம் இல்லையா? 10 சதவீதமோ அதற்கு மேலோ ஓட்டுரிமையுள்ள பங்குதாரருக்கு இப்படிப்பட்ட குடும்பக் கம்பெனி கடன் கொடுத்தால், கம்பெனியில் சேர்ந்திருக்கும் லாபத்தின் அளவுவரை அந்தக் கடன் டிவிடெண்டாகவே கருதப்படும். 1961 வருமான வரிச் சட்டத்தின் 2(22)(இ) பிரிவு அது. பிறகு திருப்பிக் கட்டினாலும் வரி போகாது.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மாதச் சம்பளம் 60,000, ஆண்டுக்கு 7,20,000. நிலைக் கழிவு போக 6,45,000. டிவிடெண்ட் 50,000 சேர்த்தால் 6,95,000. புதிய முறையில் 12 லட்சம் வரை தள்ளுபடி இருப்பதால் வரி பூஜ்யம். டிவிடெண்டில் பிடித்த 5,000 ரூபாயும் ரீஃபண்டாகத் திரும்பும். இதே ஆள் 8 லட்சம் கடன் எடுத்திருந்து, கம்பெனியில் அவ்வளவு லாபமும் சேர்ந்திருந்தால்? வருமானம் 14,95,000. வரி, அதன் மேல் வரும் 4 சதவீத செஸ்ஸுடன், 1,08,420 ரூபாய். அதனால்தான் பணம் தேவை என்றால் சம்பளத்தை உயர்த்துங்கள் அல்லது டிவிடெண்ட் அறிவியுங்கள் என்று அழுத்திச் சொல்கிறேன்.

மனைவிக்குக் கொடுக்கும் சம்பளத்தையும் பாருங்கள். உங்கள் கையில் 20 சதவீதமோ அதற்கு மேலோ பங்கு இருந்து, அந்த வேலைக்கான தொழில்நுட்ப அல்லது தொழில்முறைத் தகுதி அவருக்கு இல்லாவிட்டால், அந்தச் சம்பளம் உங்கள் வருமானத்தோடு சேர்க்கப்படலாம்.

கடைசியாக, பிடித்த வரிக்கான கிரெடிட். இ-ஃபைலிங் தளத்தில் உங்கள் பெயரில் கட்டப்பட்ட வரியைக் காட்டும் 26ஏஎஸ் படிவத்தைத் திறந்து, கம்பெனி தரும் சம்பள டிடிஎஸ் சான்றிதழான படிவம் 16-இல் உள்ள தொகையோடு ஒப்பிடுங்கள். மார்ச் காலாண்டு டிடிஎஸ் அறிக்கைக்குக் கெடு மே 31. அதற்கு முன்பே பார்த்தால் முழுத் தொகை தெரியாமல் போகலாம். குறைவாக இருந்தால் உங்கள் பான் எண் தப்பாக ஏறியிருக்கும், அல்லது கம்பெனி பிடித்ததைக் கட்டியிருக்காது. கட்ட வேண்டியதும் டைரக்டரான நீங்கள்தானே! பிடித்த வரியைக் கட்டாமல் வைத்திருப்பதற்கு வழக்கே போடலாம். உடனே கட்டி, ஆடிட்டரிடம் சொல்லித் திருத்த அறிக்கை போட வையுங்கள். 26ஏஎஸ்ஸில் தொகை ஏறிய பிறகு ரிட்டர்னைத் தாக்கல் செய்து, 30 நாளுக்குள் ஆதார் ஓடிபி மூலம் இ-வெரிஃபை செய்துவிடுங்கள்.