காரைக்கால் பரணில் கிடைத்த தோட்டா உறையை அடையாளம் காணும் முறை

1954 வரை பிரெஞ்சு ஆட்சியில் இருந்த காரைக்கால், திருமலைராயன்பட்டினம், திருநள்ளாறு பகுதிகளில் பழைய வீடுகளைப் பிரிக்கும்போது, பிரெஞ்சு இராணுவத்தில் பணியாற்றிய முன்னோர் ஒருவரின் டிரங்குப் பெட்டியிலிருந்து பித்தளைத் தோட்டா உறை வெளிப்படக்கூடும். அது பிரெஞ்சு 7.5 மி.மீ. தோட்டாவினுடையதா, ஆங்கிலேயரின் .303 (அங்குல) தோட்டாவினுடையதா என்பதை ஒரு வெர்னியர் காலிப்பரைக் கொண்டே பெரும்பாலும் தெளிந்துகொள்ளலாம்.

கையில் எடுக்கும் முன்பே அதன் வாயைப் பாருங்கள். கூரிய குண்டு பொருந்தியிருந்தால், அடியின் நடுவில் துப்பாக்கியின் ஊசி குத்திய பள்ளம் தெரிந்தாலும், அது வெடிக்கத் தவறிய தோட்டாவாக இருக்கலாம் என்பதால், தொடாமல் விலகிக் காவல் நிலையத்துக்கோ 112 எண்ணுக்கோ தெரிவிக்க வேண்டும். உரிமமின்றித் தோட்டா வைத்திருப்பது 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி குற்றம். தாத்தாவின் நினைவுப் பொருள் என்பது அதற்குச் சமாதானம் ஆகாது. இனிச் சொல்பவை வெற்று உறைக்கு மட்டுமே.

முதலில் அடிவிளிம்பைக் கவனியுங்கள். .303 உறையின் விளிம்பு உடலைவிட வெளியே நீண்டு, சுமார் 13.7 மி.மீ. விட்டம் கொண்டிருக்கும். பிரெஞ்சு உறையின் விளிம்போ உடலோடு ஏறத்தாழச் சமமாக நின்று, அதற்கு மேல் சுற்றிலும் ஒரு பள்ளம் ஓடும்.

அடுத்தது நீளம். .303 உறை சுமார் 56 மி.மீ., பிரெஞ்சு உறை 54 மி.மீ.; இந்தச் சிறு வேறுபாட்டை வெறும் கண்ணால் நம்ப வேண்டாம். விளிம்பு நீளாத உறை 58 மி.மீ. இருந்தால், அது 1924இல் வந்த, பிரெஞ்சு 7.5 மி.மீ. தோட்டாவின் முதல் வடிவமாக இருக்கக்கூடும். ஜெர்மானிய மௌசர் தோட்டாவின் உறையும் 57 மி.மீ. நீளமே என்பதால், அது தவறுதலாகப் பிரெஞ்சுத் துப்பாக்கிக்குள் புகுந்து, பெரிய குண்டு சிறிய குழலில் திணிக்கப்பட்டு, விபத்துகள் நேர்ந்தன. அதன் பிறகுதான் 1929இல் உறையைக் குறுக்கினார்கள். எஃப்.எம். 24/29 இலகு இயந்திரத் துப்பாக்கியும், 1936இல் ஏற்கப்பட்ட மாஸ்-36 துப்பாக்கியும் இந்தக் குறுகிய தோட்டாவையே பயன்படுத்தின.

கடைசியாக, சாய்வான வெளிச்சத்தில் பூதக்கண்ணாடி வைத்து அடியிலுள்ள முத்திரையைப் படியுங்கள். குத்துவிளக்கைத் துலக்குவதுபோல் புளி போட்டுத் தேய்த்துவிடாதீர்கள். கடற்காற்றில் களிம்பேறிய எழுத்துகள் அதில் மேலும் தேய்ந்துவிடும், உலர்ந்த மென்துணியே போதும். ‘ஏழு’ என்பதற்கான ரோமன் எண் தெரிந்தால், அது .303 என்ற முடிவு உறுதிப்படும். பிரெஞ்சு உறையில் ஆண்டின் கடைசி இரண்டு இலக்கங்களைத் தேடுங்கள். இந்தத் தோட்டா இரண்டாம் உலகப் போருக்குப் பின்னரும் தயாரிக்கப்பட்டதால், 37 என்றிருந்தால் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தது, 53 என்றிருந்தால் பிற்காலத்தது. ஆண்டு அழிந்திருந்தால், அளவை மட்டும் வைத்துக் காலத்தைக் குறித்துவிடக் கூடாது.