வகுப்பில் ஒரு பிள்ளைக்கு ஏதோ சரியில்லை என்றால் யாரைக் கூப்பிடுவது?

தமிழ்நாட்டு அரசுப் பள்ளிகளில் வகுப்பாசிரியராக இருப்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். ஒரு பிள்ளை அடிக்கடி லீவு போடுகிறது, வந்தாலும் யாரோடும் பேசுவதில்லை என்றால் கண்டும் காணாமலும் இருந்துவிடாதீர்கள். அதற்காக எல்லாவற்றையும் நீங்களே தீர்க்கவும் கிளம்பாதீர்கள்.

முதலில் ஒரு நோட்டில் தேதி போட்டு எழுதுங்கள். 'வீட்டில் பிரச்சினை' என்று எழுதினால் யாருக்கும் உபயோகமில்லை. 'திங்கள் முதல் வரவில்லை, அம்மா சூளை வேலைக்குப் போயிருக்கிறார், தம்பியை இவள்தான் பார்த்துக்கொள்கிறாள் என்று பாட்டி சொன்னார்' என்று இருந்தால், விசாரிக்க வருபவருக்குப் பாதி வேலை முடிந்தது.

வராத பிள்ளை என்றால் தலைமையாசிரியர், பள்ளி மேலாண்மைக் குழு, வட்டார வள மையம் (வட்டாரப் பள்ளிகளுக்கு உதவும் கல்வித் துறை அலுவலகம்) என்று போகலாம். குழுவில் அந்தத் தெருக்காரர் ஒருவர் இருந்தால் அவரையே முதலில் அனுப்புங்கள், கடிதத்தைவிட அவர் பேச்சு எடுபடும். பார்வை, கேட்கும் திறன், கற்றலில் சிரமம் என்றால் அதே வள மையத்தில் சிறப்புப் பயிற்றுநரைக் கேளுங்கள். அப்பா இறந்து அம்மா தனியாகத் தவிக்கிறார் என்றால் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகு. மிஷன் வாத்சல்யா என்ற மத்திய அரசின் குழந்தைகள் நலத் திட்டத்தில் தகுதியுள்ள பிள்ளைக்கு மாதம் 4,000 ரூபாய் கிடைக்கும், வருமான வரம்பு உண்டு. 18 வயதாகாத பெண்ணுக்குக் கல்யாணப் பேச்சு என்று காதில் விழுந்தால் பத்திரிகை அடிக்கும்வரை காத்திருக்க வேண்டாம், உடனே குழந்தைகள் உதவி எண் 1098க்குப் போன் போடுங்கள்.

பாலியல் தொல்லை என்றால் கதையே வேறு. குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து பாதுகாக்கும் போக்சோ சட்டம் (2012) 19ஆம் பிரிவுப்படி, நடந்திருக்கும் என்று தெரியவந்தாலே காவல்துறைக்குச் சொல்லியாக வேண்டும், சொல்லாமல் விட்டால் ஆறு மாதம் வரை சிறை. 'ஹெச்.எம்.மிடம் சொல்லிவிட்டேனே' என்பது போதாது. பிள்ளை சொல்வதை ஒரே முறை, குறுக்கே பேசாமல் கேட்டு, அதன் வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள். ஆளாளுக்குக் கூப்பிட்டுத் துருவித் துருவிக் கேட்பது, இரு தரப்பையும் உட்காரவைத்துப் பஞ்சாயத்துப் பேசுவது, பெயரை வாட்ஸ்அப் குழுவில் போடுவது, மூன்றும் கூடவே கூடாது. (ஸ்கூல் பெயர் கெட்டுவிடும் என்று யாராவது இழுப்பார்கள், இழுக்கட்டும்.)

தகவல் கொடுத்ததும் பேசியவர் பெயர், பதவி, நேரம் மூன்றையும் அதே நோட்டில் குறியுங்கள். ஒரு வாரத்தில் யாரும் எட்டிப் பார்க்கவில்லை என்றால் திரும்பக் கூப்பிடும்போது அதுதான் கைகொடுக்கும்.