கயிற்றின் இழுவிசை: முதலில் முடுக்கத்தின் திசையைப் பிடியுங்கள்

கயிற்றில் தொங்கும் பொருளைக் கண்டாலே “இழுவிசை (கயிறு பொருளை இழுக்கும் விசை) = எடை” என்று எழுதிக்கொண்டிருந்தவன் நான். சில கணக்குகளில் விடையும் சரியாக வந்துவிடும். வினையே அதுதான். நியூட்டனின் இரண்டாம் விதி (நிகர விசை = நிறை × முடுக்கம்) உங்களுக்குத் தெரியும் என்று வைத்துக்கொண்டு தொடங்குகிறேன்.

படி 1: பொருளை மட்டும் தனியாக வரையுங்கள். 4 கிலோ வாளி என்றால் எடை கீழே 40 நியூட்டன் (புவியீர்ப்பு முடுக்கம் 10 மீ/வி² என்று கொண்டால்), இழுவிசை மேலே. இரண்டே அம்புக்குறிகள். இதற்குப் பென்சிலும் தாளும்தான் சரி. செயலியில் பொம்மை ஓடுவதைப் பார்த்தால் புரிந்த மாதிரி இருக்கும், அவ்வளவுதான்.

படி 2: முடுக்கத்தின் திசை. நான் சறுக்கிய இடம் இது. வாளி மேலே ஏறுகிறது, ஆனால் வேகம் குறைந்துகொண்டே வருகிறது. முடுக்கம் எந்தப் பக்கம்? “மேலே போகிறதே, அப்போ மேலேதான்” என்று எழுதி, ஒரு மாலை முழுக்க விடையோடு மல்லுக்கட்டினேன். எங்கே போகிறது என்பதைச் சொல்வது திசைவேகம். அது எப்படி மாறுகிறது என்பதைச் சொல்வதுதான் முடுக்கம். மேல்நோக்கிய வேகம் குறைகிறது என்றால் முடுக்கம் கீழே. அதேபோல, இறங்கும் வாளியின் வேகம் குறைந்தால் முடுக்கம் மேலே.

படி 3: இழுவிசைக்கும் எடைக்கும் உள்ள வித்தியாசம்தான் நிறை × முடுக்கம். முடுக்கம் 2 மீ/வி² மேல்நோக்கி என்றால் இழுவிசை 4 × (10 + 2) = 48 நியூட்டன். கீழ்நோக்கி என்றால் 4 × (10 − 2) = 32. சீரான வேகத்தில் ஏறினாலும் இறங்கினாலும் 40.

படி 4: உராய்வில்லாத லேசான கப்பியின் மேல் போகும் ஒரே கயிற்றின் இரு முனைகளிலும் 3 கிலோ, 2 கிலோ. மொத்தமாகப் பார்த்தால் 30 − 20 = 10 நியூட்டன், 5 கிலோவை முடுக்குகிறது; முடுக்கம் 2. இழுவிசைக்கு ஒரு பக்கத்தை மட்டும் எடுங்கள்: 2 × (10 + 2) = 24. மறுபக்கம் 3 × (10 − 2), அதுவும் 24. நான் எப்போதும் இரண்டு பக்கமும் போட்டுப் பார்ப்பேன். இழுவிசை 20-க்கும் 30-க்கும் நடுவில் வராவிட்டால் எங்கோ குறி மாறியிருக்கிறது.

பிறகு சேர்த்தது: “2 கிலோவைக் கீழே சுண்டிவிட்டால், 3 கிலோ மேலே போகுமே, அப்போது?” என்று ஒருவர் கேட்டிருந்தார். கை விலகிய பிறகு கணக்கு மாறாது. 3 கிலோ மேலே போகும்போதும் அதன் முடுக்கம் கீழேதான், இழுவிசை அதே 24. வேகம் குறைந்து, ஒரு கணம் நின்று, திரும்பி இறங்கும். நிற்கும் அந்தக் கணத்திலும் முடுக்கம் 2தான், சுழி அல்ல.