நெவாடா பாலைவனத்தில் பனியாற்றின் தடம் தேடுவது எப்படி?

பனியாறு, அதாவது மெல்ல நகரும் பனிக்கட்டித் திரள், செதுக்கிய நிலத்தைக் காட்ட ஆல்ப்ஸைக் கைகாட்டுவதுதான் வழக்கம். புதிதாகக் கற்பவர்களுக்கு நான் சொல்வது, அமெரிக்காவின் நெவாடா மாநிலத்தில் உள்ள ரூபி மலைத்தொடர். வறண்ட சீமை, அடர்காடு கிடையாது. இன்று அங்கே பனியாறும் இல்லை. அதனால் பனி அறுத்த பாறையை மறைக்க எதுவுமில்லை. கணினியில் கூகுள் எர்த் இருந்தால் போதும்.

படி 1: இடத்தைப் பிடியுங்கள்

தேடல் பெட்டியில் எல்கோ, நெவாடா என்று ஆங்கிலத்தில் தட்டுங்கள். ஊருக்குத் தென்கிழக்கே, ஏறக்குறைய வடக்கு தெற்காக நீள்வதுதான் ரூபி. சற்று விலகிப் பார்த்தால் இதே போக்கில் பல தொடர்கள், இடையிடையே தட்டையான வடிநிலங்கள். பூமியின் மேலோடு இழுபட்டு விரிந்ததில் சில பாளங்கள் உயர்ந்தன, சில இறங்கின.

படி 2: பனி எங்கிருந்து வந்தது?

பசிபிக்கின் ஈரக்காற்றில் பெரும்பகுதியை மேற்கே சியரா நெவாடா மலைத்தொடர் வாங்கிக்கொள்கிறது. எல்கோவுக்கு ஆண்டு முழுக்க மழையும் பனியுமாகக் கிடைப்பது சுமார் 250 மி.மீ. மிச்ச ஈரம் ரூபியின் மேல் ஏறும்போது குளிர்ந்து பனியாகக் கொட்டுகிறது. உச்சியான ரூபி டோம் 3,471 மீட்டர். பனியுகக் கோடைகளில் அங்கே விழுந்த பனி முழுதாக உருகவில்லை. ஆண்டுக்கு ஆண்டு அடுக்கடுக்காகச் சேர்ந்து இறுகி, தன் எடையாலேயே கீழே நகர ஆரம்பித்தது.

படி 3: பள்ளத்தாக்கின் வயிற்றைப் பாருங்கள்

இங்கே அவசரப்படாதீர்கள். லமோயில் கேன்யன் என்று தேடி, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி மவுஸை இழுத்துக் காட்சியைச் சாயுங்கள். பள்ளத்தாக்கின் நீளவாக்கில் பார்வை போகும்படி திருப்பிக்கொள்ளுங்கள். அகலமான அடிப்பகுதி, இருபுறமும் சட்டென்று எழும் சுவர்கள். ஓடை மட்டுமே அறுத்திருந்தால் அடி இவ்வளவு அகன்றிருக்காது. ஓடைக்கு அகலம் தேவையில்லை. பனி பள்ளத்தை நிறைத்தபடி நகர்வதால் பக்கங்களையும் சேர்த்துத் தேய்க்கும். அதுதான் பாடநூல் சொல்லும் ‘யு’ வடிவம்.

இப்போது கர்சரை ஒரு சுவர் உச்சியிலிருந்து மறு உச்சி வரை மெல்ல நகர்த்தி, திரையின் கீழே மாறும் உயர எண்களைத் தாளில் குறியுங்கள். புள்ளிகளை இணைத்தால் குறுக்குவெட்டு கிடைத்துவிடும். அப்புறம் தெற்கே ஹாரிசன் கணவாயைத் தாண்டுங்கள். மலை பொதுவாகத் தாழ்ந்துவிடும் அந்தப் பகுதியில் ஒரு சிறு பள்ளத்தையும் இப்படியே வரைந்து பாருங்கள். நீர் அறுத்த ‘வி’ வடிவம் எப்படி இருக்கும் என்பது அங்கே பிடிபடும்.

படி 4: ஏரிகளைத் தேடுங்கள்

லமோயில் பள்ளத்தாக்கின் தலைப்பகுதிக்கு வாருங்கள். லமோயில் ஏரி, கணவாய்க்கு அப்பால் லிபர்ட்டி ஏரி. பின்னால் அரைவட்டப் பாறைச் சுவர், முன்னால் திறந்த வாய்: பனியாறு பிறந்த இந்தக் கிண்ணத்துக்குப் பெயர் சர்க். கூகுள் எர்த்தில் உள்ள பழைய படங்களில் கோடை இறுதியில் எடுத்ததைத் தேர்ந்தெடுங்கள், இல்லாவிட்டால் பனி மூடியிருக்கும்.

படி 5: கொட்டிவிட்டுப் போன குவியல்

பள்ளத்தாக்கின் வாய்க்கு இறங்குங்கள். சமவெளியை ஒட்டி நீளும் மேடுகள் மொரைன்கள், அதாவது பனி சுமந்து வந்து விட்டுப்போன கல்லும் மண்ணும். 1931-இல் எலியட் பிளாக்வெல்டர் என்ற புவியியலாளர் இப்பகுதியின் பழைய பனிக்காலத்துக்கு லமோயில் என்றும், பிந்தையதற்கு ஏஞ்சல் லேக் என்றும் பெயர் வைத்தார். பழைய மேடுகள் தேய்ந்து மழுங்கியவை. இளையவற்றின் முகடு இன்னும் கூர்மையாக இருக்கும்.

படி 6: கிழக்கே இறங்குங்கள்

ரூபி பள்ளத்தாக்கின் சதுப்பு நிலத்தைப் பாருங்கள். மலையில் உருகும் பனி சுண்ணாம்புப் பாறைக்குள் இறங்கி, அடிவாரத்தில் ஊற்றுகளாக வெளிவந்து அதை நிரப்புகிறது. அந்த நீர் கடலைச் சேர்வதில்லை. பனியுகத்தில் இங்கே பிராங்க்ளின் என்ற பெரிய ஏரி கிடந்தது. அதன் பழைய கரைகள் சதுப்பைச் சுற்றி மெல்லிய இணைகோடுகளாகத் தெரியும். காலை வெயில் சாய்வாக விழும் படம் கிடைத்தால் தேடுவது சுலபம்.