முதலில் நிறம், அப்புறம் கோடு

தாவரவியல் பூங்காவில் நடக்கும் ஓவிய வகுப்புக்குப் போனால், பூவின் உருவத்தை வரைய ஆரம்பிக்கும் முன்பே அதன் நிறங்களைக் கலந்து ஒரு துண்டுத் தாளில் தீட்டி வைத்துக்கொள்ளுங்கள். இதழ், காம்பு, இலையின் மேல்புறம், அடிப்புறம் என்று ஐந்தாறு தீற்றல்கள் போதும். பக்கத்திலேயே எந்தெந்த வண்ணங்களைக் கலந்தீர்கள் என்று பென்சிலால் எழுதிவிடுங்கள்.

உருவத்தைப் போட்டோ பார்த்துக்கூட வீட்டில் முடித்துவிடலாம், நிறத்தை முடியாது. அதிலும் நீலம், ஊதா பூக்களில் கேமரா நன்றாகவே ஏமாற்றும். பூவும் நமக்காகக் காத்திருக்காது. விக்டோரியா அமேசானிக்கா என்ற ராட்சத அல்லி முதல் இரவில் வெள்ளையாக விரிந்து, மறுநாள் இரவில் இளஞ்சிவப்பாகிவிடும்! துண்டுத் தாள், ஓவியம் தீட்டப்போகும் அதே தாளிலிருந்து கிழித்ததாக இருக்கட்டும். தாள் மாறினால் நிறமும் மாறித் தெரியும். வாட்டர்கலர் காய்ந்ததும் கொஞ்சம் வெளிறும் என்பதால், காய்ந்த பிறகே பூவோடு ஒப்பிடுங்கள்.

பென்சில், மை ஓவிய வகுப்புகளுக்கு இது தேவையில்லை. காய்ந்த விதைக்கூடு, பட்டை போன்றவற்றுக்கும் அவசரமில்லை, அவை அப்படியேதான் இருக்கும். வெள்ளைப் பூ என்றால் இதழை விட்டுவிட்டு அதன் மேல் விழும் நிழலின் நிறத்தை மட்டும் பிடியுங்கள். கண்ணாடிக்கூடத்துக்குள் தண்ணீரும் பெயின்ட்டும் கூடாது என்று சொன்னால், சரி, கலர் பென்சிலில் குறித்துக்கொள்ளுங்கள்.