ஆராய்ச்சிப் பணத்தால் ஊர் வளர்கிறதா? கணக்கில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

அமெரிக்காவின் பிட்ஸ்பர்க்கில் 1980களில் எஃகு ஆலைகள் வரிசையாக மூடப்பட்டன. அதன் பிறகு அந்தப் பகுதிக்குச் சோறு போடுவதில் பெரும்பங்கு பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகத்துக்கும், அதோடு இணைந்த யுபிஎம்சி மருத்துவமனைக் குழுமத்துக்கும் உண்டு. மருத்துவ ஆராய்ச்சிக்கு நிதி தரும் அமெரிக்க அரசு அமைப்பான, என்ஐஎச் எனப்படும் தேசிய சுகாதார நிறுவனத்திடமிருந்து மட்டும் பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு 50 கோடி டாலருக்கு மேல் வருகிறது. மருத்துவ ஆராய்ச்சி நிதி ஓர் ஊரைத் தாங்கிப் பிடிக்கும் என்பதற்கு நல்ல உதாரணம்தான். ஆனால் அந்தப் பலனை அளக்கும்போது நிறைய பேர் தப்புக் கணக்குப் போடுகிறார்கள்.

பெரும்பாலும் சறுக்குவது ‘ஒரு டாலருக்கு இத்தனை டாலர்’ என்ற இடத்தில். 2024 நிதியாண்டில் என்ஐஎச் வழங்கிய ஒவ்வொரு டாலரும் 2.56 டாலர் பொருளாதார நடவடிக்கையை உண்டாக்கியது என்கிறது யுனைடெட் ஃபார் மெடிக்கல் ரிசர்ச் என்ற கூட்டமைப்பு. இந்த நிதிக்காகக் குரல் கொடுக்கும் அமைப்பு அது. இந்த எண்ணை லாபம் என்று படிக்கக் கூடாது. ஆய்வகத்துக்கு வந்த பணம் சம்பளமாகி, வீட்டு வாடகையாகி, மளிகைக் கடைக்குப் போய், இப்படிக் கைமாறியதையெல்லாம் கூட்டி வந்த தொகை அது. அதே பணத்தில் பாலம் கட்டியிருந்தாலும் கைமாறியிருக்கும். அதோடு இது நாடு முழுவதற்குமான கணக்கு. ஆய்வகம் தனக்கு வேண்டிய கருவியையும் வேதிப்பொருளையும் வெளியூரில் வாங்கினால், அந்தப் பங்கு உள்ளூரில் சுற்றவே சுற்றாது.

மருத்துவமனை வருமானம் முழுவதையும் ஆராய்ச்சியின் பலனாகக் காட்டுவதும் தப்பு. உள்ளூர் நோயாளி கட்டும் பணம் ஏற்கெனவே அந்த ஊரில் இருந்த பணம். வெளியிலிருந்து வந்ததை மட்டும்தான் புதுசாக எண்ண வேண்டும்.

அடுத்து, கண்டுபிடித்த ஊரிலேயே தொழிற்சாலையும் வந்துவிடும் என்ற நம்பிக்கை. ஜோனஸ் சால்க் போலியோ தடுப்பூசியை உருவாக்கியது பிட்ஸ்பர்க்கில், நகராட்சி மருத்துவமனைக் கட்டடத்தில். பொதுமக்கள் சில்லறை சில்லறையாகக் கொடுத்த நன்கொடைதான் அந்த ஆராய்ச்சியை நடத்தியது. பலன் உண்டு என்று 1955 ஏப்ரல் 12 அன்று அறிவித்தார்கள். தயாரிப்பு போனதோ இண்டியானாபொலிஸில் இருந்த எலை லில்லி, டெட்ராய்ட்டில் இருந்த பார்க்-டேவிஸ் போன்ற கம்பெனிகளுக்கு. காப்புரிமையும் வாங்கவில்லை. பிட்ஸ்பர்க்கின் வரவு செலவை மட்டும் பார்த்தால் பெரிதாக ஒன்றும் தேறாது. ஆனால் அமெரிக்காவில் 1952இல் சுமார் 58,000 பேரைத் தாக்கிய நோய், 1957இல் 6,000க்கும் கீழே இறங்கியது. நடக்க முடியாமல் போயிருக்கக்கூடிய அத்தனை குழந்தைகளை எந்த வட்டாரக் கணக்கில் எழுதுவது? வேலைவாய்ப்பு எண்ணிக்கையை மட்டும் வைத்து ஆராய்ச்சி நிதிக்கு வாதாடுகிறவர்கள் தங்களிடம் இருக்கும் மிகப் பெரிய நியாயத்தைக் கைவிடுகிறார்கள் என்றே நினைக்கிறேன்.

இந்தப் பணம் என்றைக்கும் வரும் என்று நம்புவது ஆபத்து. 1998 முதல் 2003 வரை என்ஐஎச் பட்ஜெட் இரட்டிப்பானது. பல்கலைக்கழகங்கள் கட்டடம் எழுப்பின, ஆளெடுத்தன. அப்புறம் பட்ஜெட் தேங்கியது, விலைவாசி நிற்கவில்லை. விண்ணப்பித்தவர்களில் நிதி கிடைத்தவர்களின் விகிதம் சரிந்தது. 2025 பிப்ரவரியில் இன்னொரு அடி: மானியத்தோடு தரும் மறைமுகச் செலவுக்கு 15 சதவீத உச்சவரம்பு என்று என்ஐஎச் அறிவித்தது. மின்சாரம், ஆய்வகக் கட்டடங்களின் பராமரிப்பு, கழிவு அகற்றுதல் எல்லாம் இந்தத் தொகையில்தான் ஓடுகின்றன. நீதிமன்றம் தடை போட்டது. ஆனாலும் அந்த மாதமே பிட்ஸ்பர்க் பல்கலைக்கழகம் முனைவர் பட்டச் சேர்க்கையைக் கொஞ்ச நாள் நிறுத்தி வைத்தது. உத்தரவு அமலாகும் முன்பே அடி விழுந்துவிட்டது.

கடைசியாக, சராசரியை நம்பி ஏமாறாதீர்கள். நகரத்தை ஒட்டிய பிராடக் என்ற ஊரில் இருந்த மருத்துவமனையை யுபிஎம்சி 2010 ஜனவரியில் மூடியது. மொத்த வட்டாரத்துக்கும் வளர்ச்சி என்று எழுதும்போது பிராடக்கும் அந்த வட்டாரத்தில்தான் இருக்கிறது. யுபிஎம்சி போன்ற லாப நோக்கற்ற அமைப்புகளுக்குக் கிடைக்கும் வரிவிலக்கும் அப்படித்தான்: 2013இல் யுபிஎம்சியின் விலக்கை எதிர்த்து நகர நிர்வாகமே நீதிமன்றம் போனது, அடுத்த மேயர் மறு ஆண்டில் வழக்கைக் கைவிட்டார். ஊருக்கு வந்த வரவை எழுதுகிறவர்கள் வராமல் போன வரியையும் பக்கத்திலேயே எழுத வேண்டும்.